ஹங்கேரிக்கு வெளியே ஒரு ஹங்கேரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹங்கேரிய நாட்டுப்புற இசையைப் பற்றிப் பேச்செடுத்தால், கொஞ்ச நேரத்திலேயே ரொமேனியாவுக்குப் போய்விட வேண்டியிருக்கும். எழுத்தாளர்களைப் பற்றிப் பேசினால் சுவிட்சர்லாந்து, கலிஃபோர்னியா, டொராண்டோ என்று சுற்ற வேண்டும். "ஹங்கேரி பற்றித்தானே கேட்டேன்?" என்று நண்பர்கள் முழிப்பார்கள். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் வைப்பார்கள். ஒரு புகழ்பெற்ற இசையமைப்பாளரை எடுத்துக்கொள்ளுங்கள்: அவர்களுக்கு அவர் 'பார்டோக் பேலா'. உலகத்துக்கு 'பேலா பார்டோக்'. நான் உலக வழக்கையே பின்பற்றுகிறேன்.

வெளிநாட்டு ஹங்கேரியர்கள் என்றால் யார்? எல்லோரும் புலம்பெயர்ந்தவர்கள்தானே?

இல்லை. முதலில் இதைப் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும். ஊரை விட்டுப் போனவர்கள் ஒரு வகை. ஊரை விட்டு ஓர் அடிகூட நகராமலே வெளிநாட்டுக்காரர் ஆனவர்கள் இன்னொரு வகை.

முதல் உலகப் போரில் தோற்றபின், 1920 ஜூன் 4 அன்று கையெழுத்தான த்ரியனோன் ஒப்பந்தம் பழைய ஹங்கேரி அரசின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை அண்டை நாடுகளுக்குக் கொடுத்தது. அந்த நிலத்தில் ரொமேனியர், ஸ்லோவாக்கியர், செர்பியர் என்று பலர் பெரும்பான்மையாக வாழ்ந்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஹங்கேரிய மொழி பேசிய சுமார் 33 லட்சம் பேரும் அதே கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். கஷ்ஷா என்ற ஊர் கோஷிட்சே ஆனது, கொலோஷ்வார் க்ளுஜ் ஆனது, உய்விடேக் நோவி சாத் ஆனது. வீடு அதேதான், நாடு வேறு.

இன்றும் ரொமேனியாவில் சுமார் 10 லட்சம் ஹங்கேரியர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் டிரான்சில்வேனியாவில். ஸ்லோவாக்கியாவில் நாலு லட்சத்துக்கு மேல். செர்பியாவில் 2022 கணக்கெடுப்பின்படி 1.84 லட்சம். உக்ரைனின் மேற்கு மூலையில் 2001 கணக்கெடுப்பு ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல் காட்டியது. இவர்களைப் 'புலம்பெயர்ந்தவர்' என்று சொன்னால் கோபப்படுவார்கள். கோபம் நியாயமானது.

சரி, உண்மையிலேயே ஊரை விட்டுப் போனவர்கள்?

அவர்கள் பல அலைகளாகப் போனார்கள். முதல் உலகப் போருக்கு முன் வறுமை துரத்தியவர்கள், அமெரிக்காவின் சுரங்கங்களுக்கும் இரும்பாலைகளுக்கும் போனார்கள். நாலு காசு சேர்த்துத் திரும்பி வந்து நிலம் வாங்கலாம் என்பதுதான் பலரின் கணக்கு. ஒரே வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் வாடகைக்குத் தங்குவார்கள். பகல் வேலைக்குப் போனவன் கட்டிலில் இரவு வேலைக்காரன் தூங்குவான். அந்த வீட்டுக்கு 'புர்தோஷ்ஹாஸ்' என்று பெயர். ஆங்கிலத்தின் 'போர்டர்' (boarder, வாடகைக்குத் தங்குபவர்) ஹங்கேரிய வாலோடு வந்த சொல் அது. புலம்பெயர்ந்த மொழி எப்படிப் பிழைக்கிறது என்று அந்த ஒரு சொல்லே காட்டிவிடும்.

1930களின் இறுதியில் யூதர்களும் நாஜி எதிர்ப்பாளர்களும் கிளம்பினார்கள். 1945க்குப் பின் போர் அகதிகள். அப்புறம் 1956: அக்டோபர் 23ல் தொடங்கிய எழுச்சியை நவம்பரில் சோவியத் டாங்கிகள் நசுக்க, சுமார் 2 லட்சம் பேர் எல்லை தாண்டினார்கள். பெரும்பாலோர் ஆஸ்திரியாவுக்குள் நடந்தே போனவர்கள். கனடா மட்டும் 37,000 பேருக்கு மேல் ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா நியூ ஜெர்சியில் இருந்த கேம்ப் கில்மர் என்ற ராணுவ முகாமைத் திறந்து 30,000க்கும் அதிகமானோரை அதன் வழியாக உள்ளே எடுத்தது.

இதில் எனக்குப் பிடித்த கதை ஷோப்ரோன் வனவியல் கல்லூரியுடையது. எல்லையோர ஊரான ஷோப்ரோனில் இருந்து சுமார் 200 மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும் டீன் கால்மான் ரோலர் தலைமையில் கூட்டமாகவே கிளம்பி, 1957ல் கனடாவின் மேற்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் அவர்களைத் தனிப் பிரிவாகவே சேர்த்துக்கொண்டது. கனடாவின் மரங்களைப் பற்றி ஹங்கேரிய மொழியிலேயே பாடம் நடந்தது. கடைசி வகுப்பு 1961ல் பட்டம் பெற்றது. ஓடிவந்த அகதிகளிடம் பெட்டியே இல்லாமல் இருக்கலாம். இவர்கள் ஒரு கல்லூரியையே தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட்தான் உலகின் இரண்டாவது பெரிய ஹங்கேரிய நகரமாமே?

கிளீவ்லேண்ட்காரர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொள்ளும் பெருமை அது. கணக்கு ஒத்துக்கொள்ளாது. ஹங்கேரிக்குள்ளேயே அதைவிட அதிக ஹங்கேரியர் வாழ்ந்த ஊர்கள் உண்டு. ஆனால் அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. ஒரு காலத்தில் பக்கை சாலையை ஒட்டிய பகுதியில் கறிக்கடை, வங்கி, தேவாலயம் எல்லாவற்றிலும் ஹங்கேரிய மொழியிலேயே காரியம் முடிந்தது. 'ஸபட்சாக்', அதாவது 'சுதந்திரம்', என்ற ஹங்கேரியப் பத்திரிகை 1891லேயே அங்கே தொடங்கியது. அமெரிக்காவின் முதல் ஹங்கேரியக் கத்தோலிக்கப் பங்கான புனித எலிசபெத் தேவாலயமும் அங்கேதான். 1960களுக்குப் பின் குடும்பங்கள் புறநகர்களுக்குக் கலைந்து போயின. நகரில் இப்போது ஒரு ஹங்கேரிய அருங்காட்சியகம் இருக்கிறது.

நகரங்களை மட்டும் பார்க்காதீர்கள். லூசியானாவில் 1896 வாக்கில் மர அறுவை ஆலை வேலைக்கு வந்த ஹங்கேரியர்கள் 'ஆர்பாத்ஹோன்' என்று ஒரு கிராமத்தையே உண்டாக்கினார்கள். மரம் தீர்ந்ததும் ஸ்ட்ராபெரி பயிரிட்டார்கள். இன்றைய ஆல்பனி என்ற ஊரை ஒட்டி இருக்கிறது அந்த இடம்.

பார்டோக் ஏன் நியூயார்க்கில் இறந்தார்?

பேலா பார்டோக் பிறந்ததே இன்றைய ரொமேனியாவில் இருக்கும் ஒரு சிற்றூரில், 1881ல். 1900களின் தொடக்கத்தில் அவரும் இன்னோர் இசையமைப்பாளரான ஸோல்தான் கோடாயும் மெழுகு உருளையில் ஒலிப்பதியும் ஃபோனோகிராஃப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்க் குடியானவர் பாட்டுகளைச் சேகரித்தார்கள். ஹங்கேரியப் பாட்டை மட்டும் அல்ல, ரொமேனியப் பாட்டையும் ஸ்லோவாக்கியப் பாட்டையும் பார்டோக் அதே அக்கறையோடு சேகரித்தார். 1920க்குப் பின் இதற்காகவே உள்ளூர் தேசபக்தர்களிடம் திட்டு வாங்கினார்.

நாஜிகளோடு நாடு ஒட்டிக்கொண்டபோது 1940ல் அமெரிக்கா கிளம்பினார். போகுமுன் எழுதிய உயிலில், புடாபெஸ்டில் ஹிட்லர் பெயரிலும் முசோலினி பெயரிலும் சதுக்கங்கள் இருக்கும்வரை தன் பெயரை எந்தத் தெருவுக்கும் வைக்கக் கூடாது என்று எழுதி வைத்தார். கோபத்தை உயிலில் எழுதிவைத்த இசையமைப்பாளர் வேறு யாரும் இருக்கிறார்களா தெரியாது.

நியூயார்க்கில் காசு குறைவு, உடம்புக்கு ரத்தப் புற்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செர்போ-குரோவேசியப் பாட்டுகளின் ஒலிப்பதிவுகளை ஸ்வரப்படுத்தும் வேலை கொஞ்ச காலம் கிடைத்தது. 1943ல் 'ஆர்க்கெஸ்ட்ராவுக்கான கான்செர்டோ' என்ற இசைப் படைப்பை எழுதினார். அடுத்த ஆண்டு டிசம்பரில் பாஸ்டனில் அரங்கேறியது. 1945 செப்டம்பர் 26ல் இறந்தார். உடல் ஹங்கேரி திரும்பியது 1988ல்தான்.

அமெரிக்காவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களை நடத்தியவர்களைப் பாருங்கள்: கிளீவ்லேண்டில் ஜார்ஜ் செல், பிலடெல்ஃபியாவில் யூஜின் ஆர்மண்டி, சிகாகோவில் ஃப்ரிட்ஸ் ரைனர், பிறகு ஜார்ஜ் ஷோல்டி. நாலு பேரும் புடாபெஸ்டில் பிறந்தவர்கள்.

தான்ட்ஸ்ஹாஸ் என்கிறார்களே, அது என்ன?

'தான்ட்ஸ்' நடனம், 'ஹாஸ்' வீடு. நடன வீடு. எனக்குப் பேசி அலுக்காத விஷயம் இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிரான்சில்வேனியாவில் சேக் என்று ஒரு பெரிய கிராமம். ரொமேனிய வரைபடத்தில் அதன் பெயர் சிக். அங்கே இளைஞர்கள் சேர்ந்து ஒரு வீட்டில் அறையை வாடகைக்கு எடுத்து, வாத்தியக்காரர்களுக்குக் காசு கொடுத்து, இரவெல்லாம் ஆடுவார்கள். கிராமத்தின் மூன்று பகுதிக்கும் தனித்தனி நடன வீடு இருந்தது. ஆட்டத்துக்கு ஒரு வரிசை உண்டு. எதற்குப் பின் எது என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே பெண்கள் கறுப்பும் சிவப்புமாக உடுத்துவார்கள். 1717ல் தாத்தார் படை ஊரைச் சூறையாடியதற்கான துக்கமே அந்தக் கறுப்பு என்று ஊரில் சொல்வார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 24ல் அந்த நாளை இன்றும் அனுசரிக்கிறார்கள்.

1970களின் தொடக்கத்தில் புடாபெஸ்டில் நாட்டுப்புற நடனம் என்றால் மேடையில் ஒரே சீருடையில் சோவியத் பாணியில் ஆடுவது. பேலா ஹல்மோஷ், ஃபெரென்ட்ஸ் ஷெபோ என்ற இரண்டு இளைஞர்கள் சேக் கிராமத்து இசையைக் கற்றுக்கொண்டு 1972 மே 6 அன்று இசையமைப்பாளர் ஃபெரென்ட்ஸ் லிஸ்ட் பெயரில் இருக்கும் சதுக்கத்தில் முதல் தான்ட்ஸ்ஹாஸை நடத்தினார்கள். முதலில் நடனக் குழுக்களுக்குள்தான். பிறகு கதவைத் திறந்துவிட்டார்கள். ஆடத் தெரியாதவனும் வரலாம், கற்றுக்கொடுப்பார்கள். மேடை கிடையாது, பார்வையாளர் கிடையாது. நடன ஆய்வாளர் கியோர்கி மார்ட்டினும், டிரான்சில்வேனியாவில் ஆயிரக்கணக்கில் பாட்டு சேகரித்த ஸோல்தான் கல்லோஷும் பின்னால் நின்றார்கள்.

வாத்தியங்களில் ஒன்றை மட்டும் கவனித்துக் கேளுங்கள்: 'கொன்ட்ரா'. வயோலாதான், ஆனால் மூன்றே தந்தி. தந்திகளைத் தாங்கும் குதிரை வளைவாக இல்லாமல் தட்டையாக இருக்கும். அதனால் வில்லை ஒரு தடவை இழுத்தால் மூன்று தந்தியும் சேர்ந்தே பேசும். முதல் வயலின் மெட்டைப் பாடும், கொன்ட்ரா அடியைப் போடும், பாஸ் கீழே உறுமும். முதல்முறை கேட்டால் ஏதோ அபஸ்வரம்போல இருக்கும். மூன்றாம் முறை கால் தானாகத் தாளம் போடும்.

விடுமுறை நாட்களில் புடாபெஸ்ட் இளைஞர்கள் முதுகில் பையோடு டிரான்சில்வேனியாவுக்குப் போய்க் கிழவர்களிடம் பாடம் கேட்டார்கள். ரொமேனிய சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சியில் வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைப்பது ரொமேனியக் குடிமக்களுக்குக் குற்றம். அதையும் மீறித்தான் தங்கவைத்தார்கள். அங்கிருந்து புடாபெஸ்ட், அங்கிருந்து கிளீவ்லேண்ட், டொராண்டோ, சாவ் பாவ்லோ, மெல்போர்ன் என்று பாட்டு போனது. நியூ ஜெர்சியில் பிறந்த ஒரு பெண், தன் பாட்டன் பூட்டன் யாரும் கண்ணால் பார்த்திராத சேக் கிராமத்துச் 'சார்தாஷ்' ஜோடி நடனத்தை ஆடுகிறாள். இது பாரம்பரியமா, கற்றுக்கொண்ட கலையா? இரண்டும்தான் என்பேன். யுனெஸ்கோ 2011ல் இந்த முறையை, பண்பாட்டைக் காக்கும் நல்ல வழிகளின் பட்டியலில் சேர்த்தது. பாட்டை மட்டும் அல்ல, கற்றுக்கொடுக்கும் விதத்தையே பாராட்டியது என்பது கவனிக்க வேண்டியது.

ஹங்கேரிய இசை என்றால் ரோமா (ஜிப்சி) மக்களின் இசை இல்லையா?

இசை ரோமா மக்களுடையது என்று லிஸ்ட் 1859ல் புத்தகமே எழுதினார். இல்லை, குடியானவர் பாட்டுதான் அடிவேர் என்று பார்டோக் மறுத்தார். இருவரும் பாதி சரி. உணவகத்தில் மேசைக்கு மேசை வந்து வாசிக்கும் நகரத்து இசை வேறு, கிராமத்துப் பாட்டு வேறு. ஆனால் அந்தக் கிராமத்துப் பாட்டையும் கல்யாணத்துக்குக் கல்யாணம் வாசித்துக் காப்பாற்றிய கைகளில் ஏராளமானவை ரோமா கைகள்தான். 'முஷிகாஷ்' என்ற நாட்டுப்புற இசைக் குழு 1993ல் வெளியிட்ட தொகுப்பு ஒன்று இருக்கிறது. யூதர்கள் கொல்லப்பட்டபின் மறைந்துபோன டிரான்சில்வேனிய யூத இசை அது. அந்த மெட்டுகளை நினைவில் வைத்திருந்தவர்கள், ஒரு காலத்தில் யூதர் கல்யாணங்களில் வாசித்த ரோமாக் கலைஞர்கள்.

எழுத்தாளர்கள் வெளிநாடு போனபின் எந்த மொழியில் எழுதினார்கள்?

இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஷாண்டோர் மாராய், 1900ல் கஷ்ஷாவில் பிறந்தவர். கம்யூனிஸ்டுகள் பிடி இறுகியதும் 1948ல் வெளியேறினார். நேப்பிள்ஸ், நியூயார்க், சலேர்னோ, கடைசியில் சான் டியேகோ. நாற்பது ஆண்டு வெளியில் வாழ்ந்தும் ஹங்கேரிய மொழியைத் தவிர வேறு எதிலும் இலக்கியம் எழுதவில்லை. படிக்க ஆளில்லாத ஊரில் உட்கார்ந்து எழுதினார். சோவியத் படை வெளியேறாதவரை தன் புத்தகங்களை ஹங்கேரியில் அச்சிட விடமாட்டேன் என்று பிடிவாதம். இத்தாலியில் இருந்தபோது எழுதிய ஒரு கவிதைக்கு 'இரங்கல் உரை' என்று பெயர் வைத்தார். ஹங்கேரிய மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தொடர்உரைக்கும் அதே பெயர்தான். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட அடக்கச் சடங்கு உரை அது. மொழி பிறந்த ஏட்டின் பெயரிலேயே, புலம்பெயர்ந்தவன் வாயில் அது சாகிறது என்று எழுதினார். மனைவியும் வளர்ப்பு மகனும் அடுத்தடுத்து இறந்தபின் 1989 பிப்ரவரியில் தற்கொலை செய்துகொண்டார். அதே ஆண்டு இரும்புத் திரை விழுந்தது. 1942ல் அவர் எழுதிய நாவல் ஒன்று 1998ல் இத்தாலிய மொழியில் வந்த பிறகு உலகமெங்கும் விற்றுத் தீர்ந்தது.

அகோத்தா கிறிஸ்டோஃப் 1956ல் எல்லை தாண்டியபோது வயது 21. கணவர், நாலு மாதக் கைக்குழந்தை. கையில் இரண்டு பை: ஒன்றில் குழந்தையின் துணியும் பால்புட்டியும், மற்றதில் அகராதிகள். சுவிட்சர்லாந்தின் நுஷாத்தேலில் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. பிரெஞ்சு மொழியை அந்நியமாகவே கற்று, அதை 'எதிரி மொழி' என்றே அழைத்தார். தன் தாய்மொழியைக் கொன்றுகொண்டிருக்கும் மொழி என்பது அவர் காரணம். அதே மொழியில் 1986ல் வெளியான முதல் நாவல் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. வாக்கியங்கள் சின்னச் சின்னதாக, எலும்பு மாதிரி இருக்கும். மொழியை முழுதாக நம்பாத ஒருவர்தான் அப்படி எழுத முடியும்.

யார் செய்தது சரி என்று கேட்காதீர்கள். எனக்கு மாராய் மேல் மரியாதை, கிறிஸ்டோஃப் மேல் பிரியம்.

அவர்கள் எழுதியதை யார் அச்சிட்டார்கள்?

சின்னச் சின்னப் பத்திரிகைகள். 1956 எழுச்சியில் பங்கெடுத்த இலக்கிய இதழ் ஒன்று 1957 முதல் லண்டனிலும் பிறகு பாரிஸிலும் 1989 வரை வந்தது. 'மாட்யார் மூஹெய்' என்ற சோதனை இதழ் 1962ல் பாரிஸில் தொடங்கியது. கவிஞர் கியோர்கி ஃபலுடி லண்டனில் இருந்தபோது முதலாவதன் ஆசிரியராக இருந்தார். பிறகு இருபது ஆண்டுக்கு மேல் டொராண்டோவில் வாழ்ந்தார். எல்லைக்கு அப்பால் ஆன ஊர்களிலோ நிலைமை வேறு. கொலோஷ்வாரின் ஹங்கேரிய நாடகக் குழு 1792ல் தொடங்கியது. ஹங்கேரிய மொழியின் மிகப் பழைய தொழில்முறைக் குழு அதுதான்.

குழந்தைகளுக்கு மொழியை எப்படிக் கொண்டுபோகிறார்கள்?

வார இறுதிப் பள்ளி, தேவாலயம், சாரணர் இயக்கம். இதில் சாரணர் இயக்கம்தான் சுவாரசியம். ஹங்கேரியில் 1948ல் சாரணர் இயக்கத்தை ஒழித்துவிட்டார்கள். ஆனால் போருக்குப் பின் ஜெர்மனியின் அகதி முகாம்களில் உருவான அமைப்பு உயிரோடு இருந்து, நியூ ஜெர்சியின் கார்ஃபீல்டைத் தலைமையிடமாக்கிக்கொண்டது. நியூயார்க் மாநிலத்தின் ஃபில்மோரில் அவர்களுக்குச் சொந்தக் காட்டு முகாம் உண்டு. அங்கே பேச்சு ஹங்கேரிய மொழியில். தலைவராக வர வேண்டுமானால் இலக்கியம், வரலாறு, நாட்டுப்புறக் கலை எல்லாவற்றிலும் தேர்வு எழுத வேண்டும். கூடாரம் கட்டக் கற்பதும் இலக்கணம் கற்பதும் ஒரே மூச்சில்.

சனிக்கிழமை காலை ஒரு பன்னிரண்டு வயதுப் பையனை மொழி வகுப்பில் உட்காரவைப்பது எந்த ஊரிலும் கஷ்டம்தான். இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, குச்சியில் குத்திய பன்றிக் கொழுப்பை வாட்டி, சொட்டும் நெய்யை ரொட்டியில் பிடித்துச் சாப்பிட்டபடி பாடச் சொன்னால் பாடுவான். இதற்கு 'ஸலொன்னாஷூதேஷ்' என்று பெயர்.

அரசு உதவி செய்கிறதா?

செய்கிறது, நிறைய. 2013 முதல் ஒரு திட்டத்தில் இளைஞர்களை உலகெங்கும் உள்ள ஹங்கேரியச் சமூகங்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கே போய் நடனமும் மொழியும் சொல்லித்தருவார்கள். திட்டத்துக்குக் கோரோஷி சோமாவின் பெயர். அவரிடம் பிறகு வருகிறேன்.

அரசியலும் கூடவே வரும். 2011 முதல் அண்டை நாட்டு ஹங்கேரியர்கள் சுலபமாகக் குடியுரிமை பெறலாம். ஹங்கேரியில் முகவரி இல்லாதவர்கள் தபாலில் வாக்களிக்கலாம். 2014, 2018, 2022 தேர்தல்களில் அந்த வாக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் அப்போது ஆண்ட ஃபிடெஸ் கட்சிக்கே விழுந்தன. ஆனால் ஹங்கேரியில் முகவரி வைத்துக்கொண்டு லண்டனில் வேலை பார்ப்பவர் தூதரகத்துக்கு நேரில் போய்த்தான் வாக்களிக்க வேண்டும். அவர்கள் எரிச்சல்படுவதில் ஆச்சரியம் இல்லை. ஸ்லோவாக்கியா தன் பங்குக்கு, வேறு குடியுரிமை வாங்கினால் ஸ்லோவாக்கியக் குடியுரிமை போகும் என்று 2010ல் சட்டம் போட்டது.

ஹங்கேரிய மொழியில் 'அப்பா'வுக்கு 'அபா' என்கிறார்களாமே? தமிழுக்கு உறவா?

'அபா' அப்பா, 'அன்யா' அம்மா. ஆமாம், கேட்டால் சிலிர்க்கும். ஆனால் அப்பா, அம்மா சொற்கள் உலகில் பல மொழிகளில் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். ஹங்கேரிய மொழி உராலிக் குடும்பம். மிக நெருங்கிய உறவுகள் சைபீரியாவில் பேசப்படும் ஹான்ட்டியும் மான்சியும். விகுதிமேல் விகுதி ஒட்டுவது மட்டும் நமக்குப் பழகினதாக இருக்கும்: 'ஹாஸ்' என்றால் வீடு, 'ஹாஸ்பன்' என்றால் வீட்டில். ஒட்டுநிலை மொழி என்பதால் வரும் ஒற்றுமை அது, ரத்த உறவு அல்ல.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு?

முன்பு சொன்ன திட்டத்துக்குப் பெயர் தந்த கோரோஷி சோமா, அதாவது டிரான்சில்வேனியக் கிராமத்துக்காரரான ஷாண்டோர் சோமா, ஹங்கேரியரின் பூர்வீகத்தைத் தேடி ஆசியாவுக்கு நடந்தார். அது கிடைக்கவில்லை. பதிலாக லடாக்கில் குளிரில் உட்கார்ந்து திபெத்திய மொழி கற்று, 1834ல் திபெத்திய-ஆங்கில அகராதி வெளியிட்டார். 1842ல் டார்ஜிலிங்கில் இறந்தார், கல்லறை அங்கேயே. ஓவியர் அம்ரிதா ஷேர்-கில் 1913ல் புடாபெஸ்டில் பிறந்தவர். தாய் ஹங்கேரியப் பாடகி. 1937ல் தென்னிந்தியப் பயணத்தில் கன்னியாகுமரிவரை வந்து போனபின் வரைந்த மூன்று பெரிய ஓவியங்கள் அவருடைய உச்சம் என்பது என் கருத்து.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

மார்த்தா ஷெபெஷ்ட்யேன் குரலில் இருந்து. 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' படம் பார்த்தவர்கள் அந்தக் குரலை ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள், யார் என்று தெரியாமல். பிறகு முஷிகாஷ், அதன்பின் சேக் கிராமத்துப் பழைய ஒலிப்பதிவுகள். படிக்க என்றால் கிறிஸ்டோஃப் முதலில், மாராய் அடுத்து. மாராயை இரவில் படியுங்கள், பாதியில் வைக்க மனம் வராது. சேக் ஒலிப்பதிவைக் கேட்கும்போது ஹெட்ஃபோனைப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்கள் அந்த மூன்றாம் முறை வரை பொறுத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.